கல்லறைல பேர் எழுதாத ஊர்கள்: ஹார்மனி சபையைத் தேடி ஒரு பயணம்

வியாழன், நியூ ஹார்மனி, இண்டியானா

இண்டியானாபொலிஸ்ல காலைல கிளம்பி மதிய சாப்பாட்டுக்கு முன்னாடியே இங்க வந்துட்டோம், நானும் அப்பாவும். அப்பா நாகர்கோவில்ல இருந்து வந்ததுல இருந்து மால், நயாகரா, சிகாகோ எல்லாம் காட்டியாச்சு, "மக்ளே, கட்டடம் பாத்தது போதும், இங்க பழைய சபை எதாவது இருந்தா காட்டு"ன்னாங்க. எனக்கு ரொம்ப வருசமா மனசுல இருந்தது ஹார்மனி சபை. ஜெர்மனில இருந்து வந்த ஒரு கூட்டம், இருபது வருசத்துக்குள்ள மூணு ஊர கட்டினாங்க, ரெண்ட வித்துட்டு போனாங்க, மூணாவதுல அப்படியே கரைஞ்சு போனாங்க. மூணையும் பாத்துரலாம்னு கிளம்பிட்டோம், தினமும் ராத்திரி ரூம்ல உக்காந்து எழுதி போட்டுடறேன்.

நாங்க முதல்ல வந்தது ரெண்டாவது ஊருக்கு, ஏன்னா அதான் எங்க வீட்டுக்கு பக்கம். அதனால கதை முன்னப்பின்ன தான் வரும். சுருக்கமா சொல்லிடறேன். ஜார்ஜ் ராப், 1757ல வூர்ட்டம்பெர்க்ல இப்டிங்கன்னு ஒரு கிராமத்துல பிறந்தவர், நெசவு தொழில், திராட்சை தோட்டமும் தெரியும். அரசாங்கத்தோட லூத்தரன் சபைல உயிர் இல்லன்னு சொல்லி வீட்டுலயே ஜெபக்கூட்டம் ஆரம்பிச்சார், ஞானஸ்நானம், ராப்போஜனம் எதுக்கும் கோயிலுக்கு போகமாட்டோம்னு ஒரு கூட்டமே அவர் பின்னால சேந்துச்சு, விசாரணை மேல விசாரணை, கடைசில 1803ல அமெரிக்காவுக்கு இடம் பாக்க கப்பல் ஏறிட்டார். கிறிஸ்து சீக்கிரம் வரப்போறார், நம்ம காலத்துலயே வருவார், அவர் வரும்போது தயாரா ஒரு ஜனம் இருக்கணும், அவ்ளோ தான் அவரோட உபதேசத்தோட சாரம். இத மனசுல வச்சுக்கோங்க, பின்னால நடந்த எல்லாத்துக்கும் வேர் இங்க தான் இருக்கு.

இந்த ஊர் 1814ல வாபாஷ் ஆத்தங்கரைல ஆரம்பிச்சது. தெரு எல்லாம் நேர் கோடு, வீடுங்க எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு, வாசல் கதவு தெருவ பாத்து இல்லாம தோட்டத்து பக்கம் வச்சிருக்காங்க. மரச்சட்டம் எல்லாத்தையும் முன்னாடியே அறுத்து நம்பர் போட்டு வச்சுட்டு, தேவைப்பட்டப்போ கொண்டு வந்து மாட்டி எழுப்பிருக்காங்க, 200 வருசத்துக்கு முன்னாடி! லென்ஸ்ங்கற குடும்பம் இருந்த பழைய வீட்டுல சுவத்துக்குள்ள என்ன வச்சிருக்காங்கன்னு காட்டினாங்க, நான் ரொம்ப நேரம் குனிஞ்சு அதயே பாத்துட்டு இருந்தேன். மரப்பட்டிய எடுத்து அதுல வைக்கோலும் களிமண்ணும் பிசைஞ்சு சுத்தி, ஒவ்வொண்ணா பக்கத்துல பக்கத்துல இறுக்கி அடுக்கிருக்காங்க, குளிரும் வெக்கையும் உள்ள வராம இருக்க. வைக்கோல் தாள் இன்னும் மஞ்சளா தெரியுது. யாரோ ஒருத்தர் கையால பிசைஞ்ச மண்ணு. அந்த ஒருத்தருக்கு வீடும் சொந்தமில்ல, கூலியும் கிடையாது, ஆனா ஒரு இடத்துல கூட அசட்டையா வேலை செஞ்ச மாதிரி தெரியல.

கல்யாணம் ஆகாதவங்க தங்கின பெரிய செங்கல் விடுதி ஒண்ணு இருக்கு, 1822ல கட்டினது. பத்தே வருசத்துல இவ்ளோவையும் கட்டிட்டு, கம்பளி துணி, தொப்பி, கயிறு, விஸ்கி எல்லாம் பண்ணி ஆத்து வழியா நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் அனுப்பிட்டு, திடீர்னு எல்லாத்தையும் வித்துட்டு கிளம்பிட்டாங்க. ரெண்டாம் நம்பர் விடுதி மாடிப்படிக்கு அடில, 1824 மே 24 அன்னைக்கு புறப்பட்டோம், ஆண்டவரே சரீரத்துலயும் ஆத்துமாவுலயும் எங்கள காத்துக்கொள்ளும்ங்கற மாதிரி யாரோ ஜெர்மன்ல எழுதி வச்சுட்டு போயிருந்தாங்களாம். யாரு பாக்கறதுக்கு எழுதினாங்க, மாடிப்படிக்கு அடில? வாங்கினவர் பிரிட்டன் ஆலை முதலாளி ராபர்ட் ஓவன், சுமார் ஒன்றரை லட்சம் டாலர், 1825ல. அவர் சாமி இல்லாத சமத்துவம் கொண்டு வரேன்னு ஆரம்பிச்சு 1827க்குள்ள அவரோட முயற்சியும் கலைஞ்சு போச்சு. ஊர்ல பாதி கண்காட்சி ஓவனோட கதை தான், நல்லா இருக்கு, ஆனா நான் அதுக்காக வரல.

சாயங்காலம் கல்லறைத் தோட்டம் போனோம். சுத்தி செங்கல் சுவர், உள்ள வெறும் புல்லு, மரம், நடுவுல பழங்குடி மக்களோட பழைய மண்மேடுங்க. கல்லு ஒண்ணு கூட கிடையாது. உள்ள 230 பேர் கிடக்கறாங்க. வந்த புதுசுல மலேரியா வந்து சுமார் 120 பேர் செத்துருக்காங்க. உயிரோட இருக்கும்போது எல்லாரும் சமம், செத்த பிறகும் ஒருத்தர் பேர் தனியா நிக்கக்கூடாதுன்னு அவங்க முடிவு. அந்த சுவரு கூட அவங்க கோயில 1874ல இடிச்சப்போ வந்த செங்கல்ல கட்டினது. அப்பா தொப்பிய கழட்டிட்டு, சுவரு ஓரமாவே ஒரு சுத்து நடந்தாங்க, நடுவுல மிதிக்க மனசு வரலன்னாங்க.

ராத்திரி ரூமுக்கு வந்த பிறகு தான் ஒண்ணு சொன்னேன் அப்பாகிட்ட, நாம இருக்கற இண்டியானாபொலிஸ் அந்த இடத்துல இருக்கறதுக்கே இவங்கள்ல ஒருத்தருக்கு பங்கு உண்டு. ராப் தத்தெடுத்த மகன் ஃபிரெடரிக் ராப், சபையோட வியாபாரம் முழுக்க அவர் கைல தான், 1816ல இந்த மாநிலத்துக்கு அரசியல் சட்டம் எழுதின கூட்டத்துல இருந்தவர், 1820ல தலைநகருக்கு இடம் பாத்த கமிட்டிலயும் இருந்தவர். உலகத்த விட்டு விலகணும்னு வந்தவங்க தான், ஆனா உலகத்த நல்லா தெரிஞ்சு வச்சிருந்தாங்க.

வெள்ளி, ரோட்டுல

இன்னைக்கு முழுக்க வண்டி ஓட்டினது தான். ராத்திரி கொலம்பஸ்ல ஹால்ட். கட்டி எடுத்துட்டு வந்த புளிசாதமும் உருளைக்கிழங்கும் ஒரு ரெஸ்ட் ஏரியால சாப்பிட்டோம், வேற சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா வண்டிக்குள்ள அப்பாவுக்கும் எனக்கும் நடந்த பேச்ச எழுதணும், அதுல தான் விஷயமே இருக்கு.

அப்பா முதல்ல இருந்தே இவங்க பக்கம். அப்போஸ்தலர் நடபடிகள் நாலாம் அதிகாரத்துல "சகலமும் அவர்களுக்குப் பொதுவாயிருந்தது"ன்னு இருக்குல்ல, நாம வாசிச்சுட்டு ஆமென் சொல்லிட்டு வீட்டுக்கு வந்துருவோம், இவங்க செஞ்சு காட்டினாங்கன்னாங்க. உண்மை தான். 1805 பிப்ரவரி 15ல ஒப்பந்தம் போட்டு சபையா ஆனாங்க. நிலம், பணம், மாடு, பண்டபாத்திரம் எல்லாத்தையும் சபைக்கு எழுதிக் கொடுக்கணும், பதிலுக்கு சாகற வரைக்கும் சாப்பாடு, துணி, வீடு, நோய்ல கவனிப்பு, புள்ளைங்களுக்கு படிப்பு எல்லாம் சபையோட பொறுப்பு. விட்டுட்டு போறவங்களுக்கு அவங்க கொண்டு வந்தது திரும்ப கிடைக்கும்னு முதல்ல ஒரு ஷரத்து இருந்துச்சு. யார் எவ்ளோ போட்டாங்கன்னு ஒரு கணக்கு புஸ்தகம் வச்சிருந்தாங்க.

1818ல அந்த புஸ்தகத்த எரிச்சுட்டாங்க. எல்லாரும் சம்மதிச்சு, நியூ ஹார்மனில. நிறைய கொண்டு வந்தவனும் ஒண்ணும் இல்லாம வந்தவனும் இனிமே ஒண்ணுன்னு.

அப்பாவுக்கு இது கேக்க கேக்க கண்ணு கலங்கிருச்சு. எனக்கும் அந்த நெருப்புல ஒரு அழகு தெரியுது, பொய் சொல்லல. ஆனா எனக்கு அதே நேரத்துல நாக்ட்ரீப்னு ஒருத்தர் ஞாபகம் வராம இருக்காது. 1819ல சபைல சேந்தார், இளம் வயசு. 1846 வரைக்கும் உழைச்சார், 27 வருசம். விலகிப் போனவங்க சில பேர்கிட்ட பேசினதுல பிரச்சனை ஆகி வெளிய வந்தப்போ 200 டாலர் கைல கொடுத்து, வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்தும் வாங்கிட்டாங்க. அவர் கேஸ் போட்டார், கீழ் கோர்ட்ல ஜெயிச்சார், 1856ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த கையெழுத்த காட்டி சபைக்கு சாதகமா தீர்ப்பு சொல்லிருச்சு. 27 வருசத்துக்கு 200 டாலர். புஸ்தகம் எரிஞ்சதுல கொண்டு வந்தவனோட பெருமை மட்டும் எரியல, வெளிய போக நினைக்கறவனோட வழியும் சேந்து எரிஞ்சுது. இதத்தான் நான் அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல அவங்க, அப்புறம் "கூட்டத்துக்குள்ள இருக்கிறவன மட்டும் சகோதரன்னு சொன்னா அது பாதி தான் மக்ளே"ன்னாங்க.

அடுத்து கல்யாணம். 1807ல சபைல ஒரு எழுப்புதல், அதாவது ஒரு பக்தி வேகம் வந்துச்சு, இளைஞர்கள் தான் முன்ன நின்னாங்க, அதுல இருந்து பிரம்மச்சரியம் தான் உயர்ந்த வாழ்க்கைன்னு ஆயிருச்சு. புருசன் பொண்டாட்டி ஒரே வீட்டுல அண்ணன் தங்கச்சி மாதிரி இருக்கணும். சட்டமா போடல, முதல் வருசங்கள்ல சில குழந்தைங்க பிறந்தும் இருக்கு, ஆனா போகப்போக ஊரே அப்படித்தான் நடந்துச்சு. வெளில இருந்து பாக்கறவங்க எல்லாரும் சொல்றது, அழிஞ்சதுக்கு காரணம் இது தான், புள்ள இல்லன்னா சபை எப்படி நிக்கும்னு. நான் இத முழுசா ஒத்துக்க மாட்டேன். புள்ள இல்லாமலே நூத்தாண்டு கணக்கா நிக்கற மடங்கள் எத்தன இருக்கு உலகத்துல, அங்க புதுசா ஆளுங்க வந்துட்டே இருப்பாங்க, கதவு திறந்திருக்கும். இவங்க கதவ ஏன் மூடினாங்க, எப்ப மூடினாங்கன்னு பாக்கணும். அதுக்கு நாளைக்கும் நாளன்னைக்கும் போற ஊர் தான் பதில்.

சனி, ஹார்மனி, பென்சில்வேனியா

பிட்ஸ்பர்க்குக்கு வடக்கால சின்ன ஊர். கானக்வினெசிங்னு ஒரு ஓடை வளைஞ்சு ஓடுது. 1804 ஜூலை 4 அன்னைக்கு அரோரா கப்பல் பால்டிமோர்ல வந்து நின்னுச்சு, அதுல சுமார் 300 பேர், அதுக்கு பின்னால இன்னும் ரெண்டு கப்பல். எல்லாரும் வீடு வாசல வித்துட்டு வந்த குடியானவங்க, கைத்தொழில்காரங்க. அவங்க முதல்ல வெட்டித் திருத்தின காடு இது.

ஊர் நடுவுல சதுக்கம், அத சுத்தி செங்கல் வீடுங்க, இப்ப கடை, சாப்பாட்டுக்கடைன்னு இருக்கு. மியூசியம் இருக்கறது 1809ல கட்டின கட்டடத்துல, அடில வளைவு கூரை போட்ட ஒயின் பாதாள அறை, உள்ள இறங்கினா கோடையிலயும் ஜில்லுனு இருக்கு. சோஃபியான்னு ஒரு சிறகு வச்ச பெண் உருவத்த கதவு மேல கல்லுல செதுக்கிருக்காங்க, தேவஞானம் தான் சோஃபியா. செதுக்கினது ஃபிரெடரிக் ராப். கணக்கு வழக்கு பாத்த மனுசன், கல்லும் செதுக்கினார், ஊர் வரைபடமும் போட்டார். மேட்டு மேல ராப் உக்காந்து ஊர பாக்கற பாறை இருக்குன்னாங்க, அப்பாவோட முழங்கால் காரணமா அங்க ஏறல.

கல்லறைத் தோட்டம் இங்கயும் அதே மாதிரி தான், கல் மதில், உள்ள புல்லு. சுமார் நூறு பேர் கிடக்கறாங்க. இந்த வாசல பத்தி கொஞ்சம் சொல்லணும். கதவே கல்லு. ஒரு டன் எடை இருக்கும்ங்கறாங்க, நடு அச்சுல நிக்குது, கைய வச்சு தள்ளினா மெதுவா சுத்துது, அப்பா தள்ளியே பாத்தாங்க, நெஜமாவே ஒரு ஆள் தள்ளற பலத்துக்கு அசைஞ்சு கொடுக்குது. இது ஹார்மனி ஆளுங்க வச்சதில்ல, அவங்க கிட்ட ஊர வாங்கின மெனோனைட்ங்கற வேற கிறிஸ்தவ பிரிவு குடும்பம், ஸீக்லர் குடும்பம், 1869ல வச்சது. 1 லட்சம் டாலருக்கு வாங்கிட்டு, தங்களோட சம்பந்தமே இல்லாத சனத்தோட கல்லறைக்கு மதிலும் வாசலும் வச்சு பாதுகாத்துருக்காங்க. எனக்கு இந்த பயணத்துலயே ரொம்ப பிடிச்ச காரியம் இது.

அந்த தோட்டத்துல பேர் போட்ட கல்லு ஒண்ணே ஒண்ணு, ராப்போட சொந்த மகன் யோகான்னஸுக்கு, 1812ல செத்தவர். அதுவும் வெளியாளுங்க வச்சது, சபை வைக்கல. தகப்பனுக்கு எப்படி இருந்திருக்கும்னு அப்பா கேட்டாங்க, எங்கிட்ட பதில் இல்ல.

இங்க நல்லா தானே இருந்தாங்க, ஏன் பத்தே வருசத்துல போனாங்க? திராட்சை சரியா வரல, சரக்கு அனுப்ப பெரிய ஆறு பக்கத்துல இல்ல, நிலமும் விலை ஏறிருச்சு. அதனால இண்டியானா. அங்க மலேரியா, அக்கம்பக்கத்து ஆளுங்களோட பகை, கிழக்கு சந்தை ரொம்ப தூரம். அதனால திரும்பவும் பென்சில்வேனியா, இந்த தடவை ஒஹையோ ஆத்தங்கரைல. சொந்தமா ஒரு நீராவிப் படகே கட்டி, வில்லியம் பென்னு பேர் வச்சு, அதுல சனத்த ஏத்திட்டு வந்தாங்க. ஒவ்வொரு தடவையும் கட்டின வீட்ட, நட்ட மரத்த, புதைச்ச ஆளுங்கள விட்டுட்டு. நாம இங்க நிரந்தரம் இல்லன்னு நம்பினவங்களால மட்டும் தான் இப்படி போக முடியும். அதே நம்பிக்கை தான் பின்னால அவங்க காலையும் கட்டிச்சு.

இருட்டறதுக்குள்ள ஆம்பிரிட்ஜ் வந்துட்டோம், அரை மணி நேரம் தான். எகானமிங்கற அவங்க மூணாவது ஊர் இப்ப ஆம்பிரிட்ஜ்க்குள்ள தான் இருக்கு.

ஞாயிறு, எகானமி

இன்னைக்கு எழுதறது நீளமா போகும், ஏன்னா முழு கதையும் இங்க தான் முடியுது.

முதல்ல தோட்டம். ராப் குடும்பத்தோட பெரிய வீட்டுக்கு பின்னால பாத்தி பாத்தியா பூச்செடி, நடுவுல ஒரு மண்டபம், அதுக்குள்ள ஹார்மனிங்கற பெண் சிலை. ஓரமா ஒரு குடில், வெளில கரடுமுரடான பாறை, ஓலை கூரை, உள்ள போனா வழுவழுன்னு அழகா செஞ்ச அறை. மனுசன் வெளில எப்படி இருந்தாலும் உள்ள சீர்படணும்னு காட்ட. பக்கத்து தெருல விருந்து மண்டபம், மாடி முழுக்க ஒரே ஹால், சபை மொத்தமும் உக்காந்து அன்பின் விருந்து சாப்பிட்ட இடம். பக்கத்துல சமையல்கட்டுல அண்டா அண்டாவா இரும்பு பாத்திரம் அடுப்போட சேத்து பதிச்சிருக்கு. எங்க ஊர்ல சபை விருந்துக்கு சமைக்கற அசன வீடு மாதிரியே இருக்கேன்னு அப்பா அங்கயே நின்னுட்டாங்க, அடுப்பு வாய் எந்த பக்கம், புகை எப்படி போகும்னு எல்லாம் அங்க இருந்தவங்ககிட்ட கேட்டு என்னைய மொழிபெயர்க்க வச்சாங்க.

பட்டு. ராப்போட பேத்தி கெர்ட்ரூட் பொறுப்புல முசுக்கட்டை மரம் வளத்து, புழு வளத்து, நூல் எடுத்து, நெய்ஞ்சு, அமெரிக்காவுல பட்டு தொழில் சரியா காலூன்றாத அந்த காலத்துலயே பரிசு வாங்கிருக்காங்க. கண்ணாடிக்கு பின்னால ஒரு ரிப்பன் துண்டு வச்சிருக்காங்க, நிறம் இன்னும் மங்கல. பொம்பளைங்களோட பேர் இந்த கதைல ரொம்ப குறைவா தான் வருது, ஆனா அந்த ஊர்ல வெளியாளுங்க வந்து வாய பிளந்து பாத்தது அவங்க கைவேலைய தான்.

இப்ப கதவு மூடின கதை. ஹில்டகார்ட் முட்ஷ்லர்னு ஒரு இளம் பொண்ணு, ராப்போட ரசவாத ஆராய்ச்சிக்கு உதவியா இருந்தவ, அவர் மேல ரொம்ப பிரியம் வச்சிருந்தார். அவ 1829ல கான்ராட் ஃபாய்ஷ்ட்டுங்கறவரோட ஓடிப் போயிட்டா, கல்யாணம் பண்ணிட்டா. கல்யாணம் பண்ணி வெளிய போன மத்தவங்கள திரும்பி பாக்காத ராப், இவங்கள மட்டும் திரும்ப சேத்துக்கிட்டார். ஊருக்கு இது பொறுக்கல. எத்தனையோ பேர் மனசார நேசிச்சவங்கள விட்டு விலகி, ஒரே வீட்டுல அந்நியமா வாழ்ந்துட்டு இருந்தாங்க, அவங்க கண்ணு முன்னால பெரியவருக்கு வேண்டிய ஆளுக்கு மட்டும் வேற நியாயம். எனக்கு தெரிஞ்சு சபை உடைஞ்சது இங்க தான். அதுக்கு பிறகு வந்தது காத்து மட்டும் தான்.

காத்து மாதிரி வந்தவர் பெர்ன்ஹார்ட் முல்லர், லியோன் பிரபுன்னு தன்னைய சொல்லிக்கிட்டவர். யூதா கோத்திரத்து சிங்கம் வருதுன்னு அவரோட ஆள் ஜெர்மனில இருந்து ராப்புக்கு கடிதம் எழுதினார், ராப்பும் கிறிஸ்து வர்றதுக்கு முன்னாடி வரவேண்டிய ஆள் இவர் தான்னு நம்பிட்டார். 1831 இலையுதிர் காலத்துல வந்தப்போ வாத்தியம் வச்சு வரவேற்றாங்க. கொஞ்ச நாள்லயே ரெண்டு பேருக்கும் ஆகல. வந்தவர் கல்யாணம் பண்ணிக்கலாம், நல்லா சாப்பிடலாம்னார். 1832ல ஊர் ரெண்டாச்சு, 750 பேர்ல சுமார் 250 பேர் அந்த பக்கம். 1,05,000 டாலர் வாங்கிட்டு, இனி எந்த உரிமையும் இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டு ஆத்துக்கு அந்த பக்கம் போயிட்டாங்க. ஒரு வருசத்துக்குள்ள பணம் தீந்து, 1833ல கும்பலா திரும்பி வந்து இந்த ஊருக்குள்ள கலாட்டா பண்ணிருக்காங்க. அப்புறம் முல்லர் லூசியானா பக்கம் போய் 1834ல செத்துட்டார்.

போன 250 பேர் யாரு? பெரும்பாலும் வாலிபர்கள். அங்க தான் எனக்கு வலிக்குது. இதுல இருந்து பாடம் படிச்சு வாலிபர்களுக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கலாம். சபை எடுத்த முடிவு வேற, இனி வெளியாளுங்கள சேக்கறதில்லன்னு கிட்டத்தட்ட கதவ சாத்திட்டாங்க. அதுக்கு அப்புறம் வயசாகறது மட்டும் தான். 1834ல ஃபிரெடரிக் போயிட்டார். 1847 ஆகஸ்ட் 7ல ராப்பும் போயிட்டார், 89 வயசு, கிறிஸ்து வர்றத பாத்துட்டு தான் போவேன்னு இருந்த மனுசன்.

அவர் செத்த பிறகு வீட்டுக்கு அடில இருந்த பெட்டகத்துல 5 லட்சம் டாலருக்கு மேல பொன்னும் வெள்ளியும் நாணயமா இருந்துச்சு. ஆண்டவர் வரும்போது சபைய கூட்டிட்டு எருசலேம் போறதுக்குன்னு சேத்து வச்சது. அந்த காலத்து 5 லட்சம்! அந்த அறை எவ்ளோ சின்னதுன்னு பாக்கணும் நீங்க. 230 பேர் பேர் இல்லாம கிடக்கற கல்லறைய வியாழக்கிழமை பாத்தேன், அவங்க உழைப்பும் இதுக்குள்ள தான் இருந்திருக்கு.

அடுத்து நடந்தத அப்பாவால ஜீரணிக்கவே முடியல. ஆளு குறையக் குறைய பணம் ஏறுது. கடனுக்கு ஈடா வந்த காட்டு நிலம், வாரன் கவுண்டில டிடியூட் பக்கம், அதுல 1860கள்ல எண்ணெய் வந்துச்சு. ரயில்வேல போட்டாங்க, பிட்ஸ்பர்க் லேக் ஈரி ரயில்வேக்கு சபையோட மூப்பர் ஜேக்கப் ஹென்ரிசி தலைவராவே இருந்தார். பீவர் ஃபால்ஸ்ல கத்தி ஃபேக்டரி, 1872ல அங்க சீனத் தொழிலாளிகள குறைஞ்ச கூலிக்கு கொண்டு வந்தாங்க, ஊரே எதிர்த்துச்சு. கணக்கு புஸ்தகத்த எரிச்ச சபை, கூலிக்கு ஆள் வச்சு, பங்கு பத்திரம் வச்சு வாழற கம்பெனி ஆயிருச்சு. ஹென்ரிசி கெட்டவர்னு நான் சொல்லல, சங்கீதம் தெரிஞ்சவர், பள்ளிக்கூட வாத்தியாரா 1826ல வந்து சேந்தவர், சாகற வரைக்கும் ஆண்டவர் வருவார்னு நம்பினவர், அந்த பணத்த ஆண்டவருக்காக காவல் காக்கறோம்னு தான் நெனச்சார். அவர் 1892ல போனார். நாளைக்கு வருவார்னு காத்துட்டு இருக்கறவங்களுக்கு முப்பது வருசம் கழிச்சு இந்த ஊர் யார் கைலன்னு கேள்வியே வராது. இவங்கள கொண்டு வந்தது அந்த நம்பிக்கை, கட்ட வச்சது அந்த நம்பிக்கை, அடுத்த ஆளுக்கு இடம் விடாம பண்ணினதும் அதே தான்.

மதியம் ஊர்ல அவங்க கட்டின கோயில வெளில இருந்து பாத்தோம், இப்ப லூத்தரன் சபை கைல இருக்கு. எந்த லூத்தரன் சபைய விட்டு கடல் தாண்டி ஓடி வந்தாங்களோ அதே சபை. அப்பா அதுல சந்தோசப்பட்டாங்க, "பூட்டி கெடக்காம ஜெபம் நடக்குதே, அது போதும்"னாங்க. நான் அவ்ளோ சுலபமா ஒத்துக்கல, ஆனா சண்டையும் போடல.

கடைசி ஆள் ஜான் டஸ். இந்த ஊர்லயே சின்ன வயசுல வளந்தவர், 1890ல தர்மகர்த்தா ஆனார். அவர் கைக்கு வந்தப்போ கடனும் வழக்கும் குவிஞ்சு கிடந்துச்சு, அத தீக்க சொத்த வித்தார், கூடவே தனக்கு ஒரு பேண்டு வாத்திய குழு, 1903ல நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன வெனிஸ் நகரம் மாதிரி தண்ணி விட்டு அலங்காரம் பண்ணி கச்சேரி. ஒரு ரிப்பன் நெய்ஞ்சு பாட்டு பாடி வாழ்ந்த சனத்தோட காசு. 1903ல அமெரிக்கன் பிரிட்ஜ் கம்பெனி நிலத்த வாங்கிச்சு, ஆம்பிரிட்ஜ்ங்கற பேரே அதுல இருந்து தான். 1905ல சபைய கலைச்சப்போ மிச்சம் ரெண்டே பேர், அதுல ஒருத்தர் டஸ்ஸோட மனைவி சூசி. அப்புறமும் வழக்கு ஓடி, 1916ல பென்சில்வேனியா அரசுக்கு 6 ஏக்கரும் 17 கட்டடமும் வந்துச்சு. நாங்க இன்னைக்கு நடந்தது அதுக்குள்ள தான். பிரிட்ஜ் கம்பெனியோட ஆலையும் 1980கள்ல மூடிட்டாங்க.

யாராவது போறதா இருந்தா, ஹார்மனி, எகானமி ரெண்டையும் ஒரே வார இறுதில பாத்துரலாம், பிட்ஸ்பர்க் ஏர்போர்ட்ல இருந்து ரெண்டுமே பக்கம். மியூசியம் திறக்கற நேரம் சீசனுக்கு சீசன் மாறும், போன் பண்ணி கேட்டுட்டு போங்க. நியூ ஹார்மனிக்கு தனியா ஒரு நாள் வேணும், எவான்ஸ்வில்ல தங்கலாம். எகானமில வழிகாட்டியோட போற டூர் எடுங்க, பெட்டக அறைய காட்ட சொல்லி கேளுங்க. வயசானவங்க கூட வந்தா ராப் வீட்டு மாடிப்படி கொஞ்சம் செங்குத்து, கைய புடிச்சு ஏத்துங்க. சுவத்துக்குள்ள இருக்கற வைக்கோல் பாக்கணும்னா நியூ ஹார்மனில லென்ஸ் வீட்ட கேளுங்க, காட்டுவாங்க.